ரெண்டு இஞ்சு இறக்கினேன், அம்புட்டுத்தான்

பைக் மெக்கானிக் தொழிலில் ஒரு நட்டைக் கழற்றினால் நாலு பேரிடம் பேச்சு வாங்கணும். வண்டியையே தாழ்த்திக் கொடுத்தால் ஊரே பேசும். சாயல்குடியில் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போல ஸ்பேனரும் கையுமாக நிற்கிற சக பாவிகளே, கேட்டுக்கொள்ளுங்கள்.

கால் எட்டாத டீச்சர்

மும்தாஜ் டீச்சருக்கு உப்பளத்துக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத ஊரில் பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் அஜ்மலுக்குச் சவுதியில், தம்மாமில் வேலை. லீவில் வந்தபோது அவர் ஆசையாக வாங்கிய வண்டி, மலையேறுகிற மாடல், போர்வை போர்த்தி வீட்டில் நின்றது. அஜ்மல் ஆறடி. டீச்சர் அவர் தோளுக்குக்கூட வர மாட்டார். பைக் ஓட்டத் தெரிந்தும் கால் எட்டாது. தினமும் கொழுந்தன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவார். அவன் எழுந்திரிக்காத நாளெல்லாம் டீச்சருக்கு அரை நாள் லீவு.

ஒருநாள் டீச்சர் அந்த வண்டியைக் கொழுந்தனை விட்டே ஓட்டி வரச் சொல்லி, கடை வாசலில் நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தால் ரெண்டு காலும் அந்தரத்தில் ஆடுது. வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். சரி, வாய் சும்மா இருக்குமா? ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கிரலாமேம்மா என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்கூட்டி வாங்கலாமேன்னு உங்களோட பதினோரு பேரு சொல்லிட்டாக. நீங்க ஸ்பேனரை எடுங்கண்ணே."

படுத்து உறங்கிய வண்டி

பின்னாடி ஷாக்குக்குக் கீழே இருக்கிற லிங்க், அந்த இணைப்புத் துண்டை மாற்றினேன். முன் ஃபோர்க் குழாயை அதன் கிளாம்புக்குள் மேலே தள்ளி முறுக்கினேன். வண்டி ரெண்டு இஞ்சு இறங்கியது. டீச்சரின் முன்பாதம் அழகாகத் தரையைத் தொட்டது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

அங்கனதான் கோட்டை விட்டேன். வண்டி இறங்கினால் ஸ்டாண்டும் குறையணும் இல்லையா? பழைய ஸ்டாண்டு நீளமாக இருந்ததால், சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்றது. ஆடி மாசக் காற்று சும்மா விடுமா? மறுநாள் பத்து மணிக்கெல்லாம் எனக்குப் போன். பேசியது அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்.

"தம்பி, நீங்க ரெடி பண்ணுன வண்டி எங்க வண்டி மேல படுத்து ஒறங்குது. எழுப்ப வாறீகளா, இல்ல நாங்களே தாலாட்டட்டுமா?"

கல் வைக்கிற முறை

ஓடிப்போய் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டை வெட்டி, அடித்தட்டைத் திரும்ப வெல்டு வைத்தேன். கடையின் சிமெண்டுத் தரையில் வண்டி கச்சிதமாக நின்றது. ஆனால் பள்ளிக்கூட வாசல் சிமெண்டா? காலை வைத்தால் கணுக்கால் புதைகிற மணல். ஸ்டாண்டு உள்ளே இறங்கி, வண்டி இப்போது ஸ்டாண்டுப் பக்கமே சாய்ந்தது. மடையா, இடத்தைப் பார்த்துவிட்டு வெட்டக்கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு அங்கே போனேன். அதற்குள் பிள்ளைகளே வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். அதை வைக்க வகுப்பு வாரியாக முறை. இனிமேல் அகலமான தட்டு வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன், கல்லே வேண்டாம் என்றேன். மூணாம் வகுப்புப் பாப்பா ஒன்று அழுகிற மாதிரி கேட்டது.

"அப்ப எங்க வகுப்பு முறை நாளைக்குத்தானே வருது? ஒருநாள் கழிச்சு வெல்டு பண்ணுங்களேன்."

டங்

அடுத்தது வேகத்தடை. ஊருக்கு ஊர் அவனவன் இஷ்டத்துக்குக் கட்டி வைத்திருக்கிறான், ஒவ்வொன்றும் ஒரு வரப்பு உயரம். இறக்கிய வண்டியின் இன்ஜினுக்கு அடியில் இருக்கிற தகடு அதில் 'டங்' என்று இடிக்கும். தகட்டைக் கொஞ்சம் தூக்கிக் கட்டலாமா என்று பார்க்க, வழியில் டீக்கடை பக்கம் வண்டியை நிறுத்திக் குனிந்தேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே அதட்டினார்.

"ஏலே, டீச்சர் வண்டி டங்குன்னு கேட்டா எங்களுக்கு எட்டே முக்கா. இருக்கிற ஒரு கடிகாரத்தையும் கெடுத்துட்டுப் போயிராத!"

அவுக வாராக

ஒரு சாயங்காலம் டீச்சர் முகம் சுருங்கி வந்தார். வெள்ளிக்கிழமை அஜ்மல் வருகிறாராம், ரெண்டு மாச லீவு. பழைய லிங்க்கைப் போட அரை நாள் போதும். வெட்டின ஸ்டாண்டை எங்கே போய் வளர வைப்பேன்? ராமநாதபுரம் முழுக்க அலைந்தும் அந்த மாடல் ஸ்டாண்டு கிடைக்கவில்லை. இருந்தாலும் சொல்லும்மா, உயர்த்தி வைத்துவிடுகிறேன், ஸ்டாண்டுக்கு ஏதாவது பொய் சொல்லிக்கிருவோம் என்றேன். டீச்சர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஒசத்துனா நான் மறுபடியும் கொழுந்தன் எப்ப எந்திரிப்பான்னு வாசல்ல நிக்கணும். எறங்குனது எறங்குனதாவே இருக்கட்டும்ண்ணே. வையிறதுன்னா என்னைய வைஞ்சுக்கிறட்டும்."

ஆறடி ஆள்

திங்கட்கிழமை காலை வண்டி கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தது அஜ்மல். முழங்கால் ரெண்டும் முழங்கையில் இடிக்க, சின்னப் பிள்ளையின் மூணு சக்கர சைக்கிளில் ஏறிய பெரிய மனுஷன் மாதிரி இருந்தார். பின்னால் டீச்சர். இந்த மனுஷன் உயர்த்தச் சொன்னால் டீச்சர் பாடு அவ்வளவுதான். தப்பு என் பேரில்தான் தம்பி, டீச்சரை ஒண்ணும் சொல்லாதீங்க என்று நானாகவே ஆரம்பித்தேன்.

அஜ்மல் கையைக் காட்டி நிறுத்தினார். "நேத்துக் கடலாடி வரைக்கும் ஓட்டுனேன். டீச்சர் வண்டியை ஏன்யா எடுத்துட்டுப் போறேன்னு மூணு எடத்துல மறிச்சுட்டாங்க. என் வண்டின்னா ஒருத்தனும் நம்பலை." சொல்லிவிட்டு இறங்கினார். சாவியை டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் முன்னால் ஏறியதும் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, மடங்காத காலை மடக்கிப் பார்த்தார்.

"முன்னாடி ஒண்ணும் தொடாதீங்கண்ணே. பின்னாடி ஃபுட்ரெஸ்ட்டை மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுங்க. ரெண்டு மாசம் நான் இங்கனதான் உக்காரணும்."

வண்டியை ரெண்டு இஞ்சு இறக்கினால் ஸ்டாண்டு, தகடு என்று எத்தனையோ கோளாறு வரும், வீட்டுக்காரர் பின் சீட்டுக்குப் போவதும் அதில் ஒன்று என்றால் அதை மட்டும் சரிபண்ண என் கடையில் ஸ்பேனர் கிடையாது.