அடிக்கல் நட்ட கரை

எங்கள் தொகுதி இன்று எந்த வரைபடத்திலும் கிடையாது. தருமபுரிக்கும் அரூருக்கும் நடுவே, ஓர் ஓடையின் இரண்டு கரைகளிலும் பரந்து கிடந்த தொகுதி அது. சட்டசபைக்கு ஒரே ஒருவரை அனுப்பினோம். அந்த ஒருவரையும் என் அம்மா நிம்மதியாக இருக்கவிட்டதில்லை.

அம்மா பிறந்த ஊர் அக்கரையில் இருந்தது. வெயில் காலத்தில் சேலை நனையாமல் நடந்து போய்விடலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓடை கரைபுரளும், சுற்றிப் போகவும் வழியில்லை. அவளுக்கு ஒரு பாலம் வேண்டும், அவ்வளவுதான்.

அறுபத்தேழு தேர்தலில் வேட்பாளர் வந்தபோது மற்ற பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். அம்மா மட்டும் தட்டை ஏந்தியபடி அசையாமல் நின்றாள்.

"பாலம் கட்டறன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, சுத்தறேன்."

கற்பூரம் அணையப் போகும் நேரத்தில், "கட்டறனுங்கம்மா" என்றார் அவர். எழுபத்தொன்றிலும் அதே தட்டு, அதே கேள்வி. உன் ஆரத்திக்குப் பயந்துதான் மனுஷன் ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று நான் கேலி செய்வேன். நல்ல மனிதர்தான். ஆடி அசைந்து, பதவி முடிய இருந்த சமயத்தில் எங்கள் கரையில் அடிக்கல் நட்டார். மைக் செட் பாடியது. அந்தக் கல்லை நம்பித்தான் அம்மா என் அக்காவை அக்கரையில், தன் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தாள்.

வேலை தொடங்குவதற்குள் தொகுதியைப் பிரித்துவிட்டார்கள். எங்கோ உட்கார்ந்து கோடு போட்டவர்களுக்கு எங்கள் ஓடை வசதியாக அமைந்துவிட்டது. இக்கரை ஒரு தொகுதி, அக்கரை வேறொன்று. எழுபத்தேழு தேர்தல் முடிந்ததும் அம்மா பழக்க தோஷத்தில் பழைய எம்.எல்.ஏ. வீட்டுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இப்ப அந்தக் கரைக்கு ஒருத்தரு, இந்தக் கரைக்கு ஒருத்தருங்கம்மா. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் பாலம். நான் யாருமில்லீங்க."

"நான் பொண்ணு குடுக்கறப்ப ரெண்டு கரையும் ஒரே தொகுதிதானுங்களே."

அவர் காபி கொடுத்து அனுப்பினார். எனக்கு அந்தக் கோடு போட்டவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது, இன்னும் தீரவில்லை.

அந்த ஐப்பசியில் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்திருந்தோம். மழை முந்திக்கொண்டது. தினமும் காலையில் அம்மா ஓடைக்கரைக்குப் போய் நிற்பாள். ஒரு நாள் மழை விட்ட நேரம் அக்காவின் கணவர் எதிர்க்கரையில் நின்று கத்தினார். வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. துணியில் சுற்றிய எதையோ உயர்த்திக் காட்டினார்.

"எம் பொண்ணு எப்படி இருக்கறா?" என்று அம்மா கத்தினாள். அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மா குட்டை. நாணல் மறைத்தது. சட்டென்று அந்த அடிக்கல்லின் மேல் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அக்கா பிழைத்துக்கொண்டாள் என்பதும் பிறந்தது பெண் என்பதும் தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.