கல்லுக்குள் இருந்த ஓலை

எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் மூன்றைத் தேடும்: கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேடு, சாலைக்காக அறுத்த குன்றின் பக்கம், மழைக்கு மறுநாள் ஓடைக்கரை. நல்ல கல் கிடைக்கும் இடங்கள் அவை. தொழிற்சாலை ஆடிட்டுக்காகப் போன ஊரிலும் மற்ற பொறியாளர்கள் தூங்கும்போது நான் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் மாமா. அவருக்கு ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் நான்காம் வகுப்பு முடித்த வருடம் நாங்கள் ஒரகடம் பக்கத்தில் மாமா வீட்டிலேயே இருந்தோம். அவர் நிலத்தைச் சுற்றி எல்லோரும் ஒரு கார் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி மதில் எழும்பினால் உள்ளே போக வழியே இருக்காது. மாமாவும் விற்றாக வேண்டும். ஆனால் எங்கோ ஒரு நிலத்தில் பழங்காலக் கல் கிடைத்து, தொல்லியல் துறை கயிறு கட்டி, விற்பனையே நின்றுபோனதாக டீக்கடையில் பேச்சு. மாமாவுக்கு அதிலிருந்து தூக்கம் போயிற்று. எனக்கு இதெல்லாம் தெரியாது.

மண் பரிசோதனைக்கு ஜேசிபி குழி தோண்டிய அன்று, வெள்ளைக் களிக்கல் கட்டி கட்டியாக மேலே வந்து விழுந்தது. ஒன்றைத் தரையில் அடித்தேன். இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியிலும் விரலளவு தென்னோலை போல ஓர் அச்சு, கீற்றுக் கீற்றாக.

“மாமா! கல்லுக்குள்ள ஓலை கீது!”

கம்பெனி அதிகாரியோடு நின்றிருந்த மாமா விரைந்து வந்தார். ஒரு பாதியைப் பிடுங்கிக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றதையும் பிடுங்கிவிடுவாரோ என்று நான் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“இன்னா மாமா, அதும்மேல குந்திக்கினே?”

“வாய மூடுடி, வாயாடி.”

அதிகாரி நெருங்கி வந்தார். “பின்னாடி என்னம்மா மறைக்கிற?”

“கோலம் போட்ற கல்லு சார். இது கண்டத்தையும் பொறுக்கிக்கினு வரும்,” என்று மாமா முந்திக்கொண்டார்.

“காட்டு, பாப்போம்.”

ஜேசிபி நின்றுவிட்டது. மாமா எனக்கு மட்டும் தெரியும்படி வேண்டாமென்று தலையை அசைத்தார். ஆனால் பெரியவர் கை நீட்டியிருக்கிறார். கொடுத்துவிட்டேன்.

அவர் கட்டைவிரலால் துடைத்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“நேத்து மழை சார்,” என்றார் மாமா. “ஓலை அப்பிக்கினு கீது.”

சித்திரை வெயிலில் வரப்பு வெடித்துக் கிடந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமா, மழைதான்,” என்றார் அதிகாரி. கல்லைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஜேசிபிக்காரரைப் பார்த்து, “போதும், குழிய மூடிடுப்பா” என்றார்.

என் கல்லைத் திருடிக்கொண்டு போகிறாரே என்று நான் அழுதேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். “அழாத கண்ணு. இத்த விட சூப்பர் எடமா காட்டறேன்.”

காட்டினார். ஞாயிறுதோறும் வண்டியில் முன்னால் உட்காரவைத்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, குன்றத்தூர் மலையடி என்று அழைத்துப்போனார். வழியில் டீக்கடைக்கு டீக்கடை, “இங்க எங்கனா கெணறு வெட்றாங்களா?” என்று விசாரிப்பார். ஒருநாளும் எங்கள் நிலத்துப் பக்கம் வண்டி திரும்பியதில்லை. வெறும் ஜல்லியைக் காட்டினாலும் “ஆகா” என்பார். ஓலை மட்டும் கிடைக்கவேயில்லை. மாமாவைப் போலக் கல்பைத்தியம் உலகத்தில் இல்லை என்று பள்ளியில் பெருமையடித்தேன்.

இலை அச்சுக்காக யாரும் நிலத்துக்குக் கயிறு கட்டுவதில்லை என்பதைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். மாமா, அதிகாரி இரண்டு பெரிய மனிதர்களும் ஒரே பயத்தில் வீணாக வியர்த்திருக்கிறார்கள். அந்தக் குழிமேல் இப்போது கார்களுக்கு வண்ணமடிக்கும் பெயின்ட் ஷாப் ஓடுகிறது.

நிலத்தை விற்றுப் பத்திரம் பதிந்த வாரமும் ஞாயிறு வந்தது. நான் பையை மாட்டிக்கொண்டு வண்டியருகே நின்றேன். மாமா பல் துலக்கியபடி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா கண்ணு, காலீல எங்க கெளம்பிட்ட?”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, நான் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.