கயிற்றில் இறங்கிய பிஸ்டல்

அப்பா விட்டுப்போன பழைய பிஸ்டல் ஒன்று என்னிடம் இருந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் பட்டாளம் கழித்துவிட்ட சாமான். வாலிபத்தில் ரங்கூனுக்கு ஓரமாக இருக்கும் தாகேதா பக்கம் ஓடைக்கரையில் அதை வைத்து ஒரு தகர டப்பாவைச் சுட்டேன். அந்த ஒரு பெருமைக்காகவே போலீசில் ஒப்படைக்காமல் ஒளித்து வைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் ராணுவச் சிப்பாய்கள் ஆயுதம் தேடி எங்கள் கட்டடத்தில் வீடுவீடாகச் சோதனை போட்டுக்கொண்டு ஏறினார்கள். நான் இருப்பது நாலாம் மாடி. ஒரே படிக்கட்டு. பூட்ஸ் சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது.

ரங்கூனில் மாடிக்கு மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழே வியாபாரிகள் கட்டிவிடுவதை மேலே இழுத்துக்கொள்வோம். பிஸ்டலைப் பையில் போட்டு அந்தக் கயிற்றில் இறக்கினேன். கீழே கீரை விற்கும் செல்வியக்கா பையைத் தொட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கதவைத் தட்டினார்கள். உள்ளே வந்த சிப்பாய் ஆடுகிற கயிற்றைக் கண்டு தானே இழுத்தான். மேலே வந்தது இரண்டு கட்டுக் கீரை. கீழே, தெருமுனையில் நின்ற சிப்பாய்களைத் தாண்டி, தலையில் கூடையோடு அக்கா நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் வந்தவர், "ஓடையில போட்டுட்டேன்," என்றார். பிறகு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, தம்பி?"

கேட்டால் மாட்டேன் என்பார் என்று பயந்துதான் கேட்கவில்லை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது நான் கயிறு இறக்குவதில்லை. நாலு மாடியும் இறங்கிப் போய்த்தான் கீரை வாங்குகிறேன்.