ஏழாம் நம்பர் கட்டில்

ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் பெண்கள் வார்டு ஒழுகும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் ஏழாம் நம்பர் கட்டிலில் சொட்ட ஆரம்பித்தது. அதில் கிடந்த சர்க்கரை வியாதிக்கார அம்மாளை நான்தான் காலியாயிருந்த பன்னிரண்டுக்கு மாற்றினேன். மழை விட்டதும், காய்ச்சலோடு வந்திறங்கிய நார்த்தாமலைப் பெண்ணை ஏழில் படுக்கவைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். மருந்துச் சீட்டு அந்தந்த நம்பருக்கு நேரே சுவரில் ஆணியில் தொங்கும். பழைய சீட்டைக் கழற்ற மறந்தேன். டூட்டி மாறும்போது விஷயத்தைச் சொல்லவும் மறந்தேன்.

எனக்குப் பின் டூட்டிக்கு வந்த நர்ஸ் எங்களில் இளையவள். கடலோரத்துக் கட்டுமாவடி அவள் ஊர்; கட்டுமாவடிக்காரி என்றே கூப்பிடுவோம். மீன் வாசம் இன்னும் போகலையே என்று கேலி செய்தால், "மோந்து பாக்கத்தான் வேலைக்கு வந்தீங்களாக்கா?" என்று சிரிப்பாள். அரைமணி முன்னதாகவே வந்து நிற்பாள்; பக்கத்து வார்டு வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாள். ஒரு வாரம் லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். சீட்டைப் பார்த்து ஏழாம் நம்பருக்கு இன்சுலின் போட்டுவிட்டாள்.

அந்த நார்த்தாமலைப் பெண் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி நினைவு தப்பினாள். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். மறுநாள் காலையில் டாக்டர் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, யார் செய்த வேலை என்றார். "நான்தான் சார் ஊசி போட்டேன்" என்றாள் கட்டுமாவடிக்காரி. கட்டில் மாறியது மற்ற மூவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அவளைத் திட்டி, மெமோவோடு விட்டார், வேலை போகவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. இப்போது எழுதவே கூசுகிறது.

அதன்பிறகு அவள் மணியடித்தால் வந்தாள், மணியடித்தால் போனாள். சொன்னதை மட்டும் செய்தாள். கேலிக்குச் சிரிக்கவில்லை. இரண்டே மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். பஸ் ஏற்றிவிடப் போன நான், "டாக்டர் திட்டுனதுக்காகவா போற? யாருக்குத்தான் திட்டு விழல?" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

"அவர் திட்டுனது ஒண்ணுமில்லக்கா. கட்டில மாத்துனது நீங்கன்னு அந்தச் சக்கரை வியாதி அம்மா அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வாரேங்க்கா."

இரண்டு மாதமும் தெரிந்தே என் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறாள். என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. பஸ் போன பிறகாவது ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நேரே வார்டுக்குத்தான் போனேன். ரிட்டயராகும்வரை அங்கேயே வேலை பார்த்தேன், மாலை மரியாதையோடு அனுப்பினார்கள். அன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.