மத்தியான வெயிலும் என் கம்பெனி சாப்பும்

அந்த மனுவை நான் முதன்முதலாகப் படித்தது சிரம்பானில், அரசாங்க அலுவலகத்தின் நான்காவது மாடியில், அதிகாரி எங்களைக் கூப்பிடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால். அதன் கடைசிப் பக்கத்தில் என் கம்பெனியின் சாப்பு நீல மையில் அழகாக விழுந்திருந்தது. ரப்பர் முத்திரையைத்தான் எங்கள் பக்கம் சாப்பு என்போம். அதை நான் குத்தவில்லை.

யார் குத்தினார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் குத்தகையாளர் சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் சின்ன ஆட்கள். லுக்குட், போர்டிக்சன், தம்பின் பக்கம் எழும்பும் வீடுகளில் பூச்சு, ஓடு, கம்பி கட்டுவது என்று துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் சங்க அலுவலகத்துக்கு யார் அலைவது என்று, ஆளுக்கொரு சாப்பு கூடுதலாகச் செய்து அங்கே மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்தோம். ஒரு பிஸ்கட் டின் நிறைய சாப்பு. எந்தக் கடிதமானாலும் சங்கத்தில் கணக்கெழுதும் கிராணி டின்னைத் திறந்து வரிசையாகக் குத்திவிடுவார். சாவியை வாசலில் தொங்கவிட்டுவிட்டுத் திருடன் வந்தான் என்று அழுகிற புத்தி இது. அந்தப் புத்தி எனக்கும்தான் இருந்தது.

வெயில் கடுமையான நாட்களில் மத்தியானம் இரண்டு மணி நேரம் வெளிவேலையைக் கட்டாயமாக நிறுத்த வேண்டும் என்று ஒரு விதி வரப்போவதாகப் பேச்சு. கட்டாயம் வேண்டாம், முதலாளிகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவதுதான் மனு. அதில் மூன்றாவது பத்தி இப்படிப் போனது: எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் வெயில் பழக்கம், இதில் சாப்புக் குத்தியுள்ள கம்பெனிகளில் வெயிலால் நோய்ப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த ஒருவர் என் வீட்டில் இருக்கிறார்.

கம்பெனி என் வீட்டுக்காரர் தொடங்கியது. அவர் பூசிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், லுக்குட் பக்கம் நாங்கள் இருவரும் பிறந்த ரப்பர் தோட்டத்தையே சாய்த்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவருக்கு வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சாரத்திலிருந்து இறங்கினார். சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். அப்படியே சிமெண்டு மூட்டைமேல் சாய்ந்தார். சோறு கொண்டுபோன நான்தான் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி உடம்பு கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

வெயில் பழக்கமாம். தோட்டம் ஒன்றும் சொர்க்கமில்லை. எங்கள் அப்பாமார்களை வேலை வாங்குகிற மண்டோர் நாயைப் போல் விரட்டினான். ஆனாலும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று ஆள் எண்ணி முடித்தால், பிறகு வேலை மர நிழலில். உச்சி வெயில் வருவதற்குள் பாலை நிறுத்துக் கொட்டியாக வேண்டும். மனுசன் சுருண்டு விழுவான் என்ற கவலையால் இல்லை, பால் கட்டிவிடும் என்ற கவலையால். எங்கள் ஆட்களைக் காப்பாற்றியது ரப்பர் பால். இப்போது மரமும் இல்லை, பாலும் இல்லை. சிமெண்டு வெயிலில் கெட்டுப்போகாது, ஆகவே மனுசனுக்கும் அவசரமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் சங்கத் தலைவர். அந்த வேலையை எங்களுக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, சைட்ல விழுந்தாருன்னு சொன்னா வேலைய நிப்பாட்டிடுவான்லா. காய்ச்சலு, வீட்டுல மயங்கிட்டாருன்னு சொல்லிடு."

சொன்னேன். டாக்டர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் வீடு என்றேன். பாரத்தில் சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்தில் வீடு என்று என் கையாலேயே எழுதினேன். அவர் பிழைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று தலைவர் ஆறுதல் சொன்னார். தலைப்பாகையோடு போகவில்லை. வலது கை அன்றிலிருந்து நடுங்குகிறது. பூச்சுக் கரண்டி பிடித்த கையால் இன்றைக்குக் காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க நேரம் ஆகிறது. கம்பெனி வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

நான்காவது மாடியில், என் சாப்பைக் கோடு போட்டு நீக்கிவிடுங்கள் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. வீடு என்று எழுதிக் கொடுத்ததே நீதானே, அதைத்தான் நாங்கள் மனுவில் எழுதியிருக்கிறோம் என்றார். அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம் பெரிது. ஏனென்றால் அவர் சொன்னது நிஜம்.

உள்ளே அதிகாரி ஒரு மலாய் அம்மாள். மனுவைப் பொறுமையாகப் படித்தார். வந்தவர்களில் பெண் நான் ஒருத்தி என்பதாலோ என்னவோ, மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, உங்கள் கம்பெனியைப் பொறுத்தவரை இது சரிதானா என்று என்னைக் கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இல்லை, புவான்," என்று மலாயில் சொன்னேன். "என் வீட்டுக்காரர் வெயிலில்தான் விழுந்தார். சைட்டில். வீட்டில் என்று நான் பொய் சொன்னேன்."

வீட்டில் நோயாளி, தங்கச்சி மனசு சரியில்லை என்று தலைவர் அதை மழுப்பப் பார்த்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் நேராகச் சொன்னார்: பதிவில் இல்லாததைத் தன்னால் கணக்கில் எடுக்க முடியாது. இப்போது விபத்து அறிக்கை கொடுத்தால் எடுக்கலாம். ஆனால் பொய் சொன்னதற்கும் மறைத்ததற்கும் என் கம்பெனிமேல்தான் முதலில் நடவடிக்கை வரும். யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பாரத்தை நீட்டினார்.

நேரே லுக்குட்டில் இருக்கும் சங்க அலுவலகத்துக்குப் போனேன். கிராணி ஏதோ கேட்க வாயெடுத்தார். லாச்சியைத் திறந்து, பிஸ்கட் டின்னைக் கொட்டி, என் சாப்பைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் திரையை இழுத்துவிட்டுக் காற்றாடிக்கு அடியில் அவர் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனிக்கே ஆபத்து, இனி வேலை யாரும் தரமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். நான் பாரத்தை நிரப்பினேன். சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்தில் இந்தத் தடவை அந்தத் தாமானின் பெயரை எழுதினேன். சாப்பை மையில் ஒற்றினேன்.

"கொண்டா," என்றார். "கம்பெனி... என்னுது."

நான் பிடித்துக்கொள்ளப் போனேன், கையைத் தட்டிவிட்டார். சாப்பு கோணலாக, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தடவை விழுந்தது. கம்பெனி பெயரைப் படிக்கவே முடியவில்லை. வேறு பாரம் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவில்லை. மறுநாள் அதையே கொண்டுபோய் அதிகாரியின் மேசையில், மனுவில் அவர்கள் குத்திய அழகான நீலச் சாப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.