வெங்காயம் மாதிரி அடுக்கிய நிலக்கரி

நிலக்கரி விற்பவன் வெள்ளைச் சட்டை போடக்கூடாது. லோடு இறங்கிய பிறகு போனை அணைத்து வைக்கவும் கூடாது. விற்றதோடு கை கழுவ முடியாத வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் இது புரியும். பெருந்துறைப் பக்கம் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு நான் கரி அனுப்புகிறேன். அதில் ஒருவர் சரஸ்வதியக்கா. தலைமுறையாக வெங்காயம் போட்ட குடும்பம். தோட்டத்தை அடமானம் வைத்து, துணிக்குச் சாயம் போட சின்னதாக ஒரு டையிங் யூனிட் ஆரம்பித்திருந்தார்.

பழைய சரக்கா?

முதல் லோடு இறங்கியதும் அக்கா ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, புதுச் சரக்குத்தானுங்களே?" என்றார். சதுப்பு நிலத்தில் விழுந்த மரங்கள் சேற்றில் புதைந்து, மேலே மண் ஏற ஏற அழுத்தமும் சூடும் பட்டு, கோடிக்கணக்கான வருஷத்தில் கரியான கதையைச் சொன்னேன். அதிலும் இது இளசு. முற்றிய கரியைவிட ஈரம் அதிகம், சீக்கிரம் பற்றிக்கொள்ளும், அதனால் நன்றாக அமுக்கி வையுங்கள் என்றேன். இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"கோடி வருஷம் கெடாதது எங்க ஊட்டுக்கு வந்தா கெடப்போகுதுங்க?"

இலைக் கலப்படம்

அப்புறம் அக்காவின் பாய்லர் ஆபரேட்டர் மாரப்பண்ணன் போன் செய்தார். கரியில் குப்பை கலந்திருக்கிறதாம். கோபத்திலும் மரியாதை குறையவில்லை. போய்ப் பார்த்தால், கரியோடு வந்த ஒரு கல்லில் இலை அச்சு, நரம்போடு.

கரியான காட்டின் இலைதான் அது என்றேன். சேற்றுக்குள் காற்றுப் புகாததால்தான் அந்தக் காடு முழுசாக மக்கவில்லை. மக்கியிருந்தால் நமக்குக் கரியே கிடைத்திருக்காது. அண்ணன் கல்லைத் துண்டால் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க தோட்டத்து இலையெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காதுங்க" என்றார் அண்ணன்.

புகைந்த குவியல்

ஒரு நாள் காலையில் அக்காவே கூப்பிட்டார். "தம்பி, யாரும் நெருப்பு வெக்கலைங்க. கரி தானா பொகையுதுங்க." பக்கத்துக் கொட்டகையில் ஏற்றுமதிக்குப் போகவேண்டிய துணி. அது எரிந்தால் ஆர்டர் போகும், பின்னாடியே தோட்டமும் போகும். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

குவியலைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அடியில் கல் வைத்து, மேலே மூங்கில் பரப்பி, நடுநடுவே சந்து விட்டு, வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போடுகிற மாதிரியே போட்டிருந்தார்கள். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். இந்தக் கரிக்கோ காற்றுப் பட்டாலே உள்ளுக்குள் சூடேறும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கடைசியில் நெருப்பாகிவிடும்.

முதலில் துணியை வெளியேற்றினோம். பிறகு ஜேசிபியை வைத்துச் சூடான பாகத்தை வாரி, தூரமாக மெல்லிசாகப் பரப்பித் தண்ணீர் அடித்தோம். மீதியை இடைவெளியில்லாமல் அமுக்கினோம். மத்தியானம் புகை அடங்கியது. ஒரு துணிக்கும் சேதமில்லை.

அக்கா முகமெல்லாம் கரியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை, பாவமாக இருந்தது. அலட்சியத்தில் கெடுத்தவர் இல்லை, பத்திரமாக வைக்க நினைத்துத்தான் இத்தனை பாடுபட்டிருக்கிறார். குவியலைக் கைகாட்டிச் சொன்னார்.

"காத்தே படாம அத்தனை காலம் பத்திரமா கெடந்துதுங்க, பாவம், பொழுங்குமேன்னு நாந்தானுங்க காத்தாட வெச்சுப்போட்டேன்."

இப்போதெல்லாம் புது வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், கரி விலையைச் சொல்வதற்கு முன்னால் தோட்டத்தில் என்ன வெள்ளாமை என்று விசாரித்துக்கொள்கிறேன்.