பக்கம் புரட்டுகிறவளின் நாற்காலி

பெரிய காஞ்சிபுரத்தில் ஆனந்தராஜ் என்றால் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் ஆனந்தராஜ்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே விரல்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும். அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நேற்றுக் கல்யாணமான ஜோடியாக இருந்தாலும் வாசலிலேயே பிரிந்துவிட வேண்டும். சேர்ந்து உட்கார வரம் வாங்கி வந்த தம்பதி ஒன்றே ஒன்றுதான்: ஆனந்தராஜும் அவர் மனைவி மரியம்மாளும். அதற்குக் காரணம் பக்தியுமில்லை, பதவியுமில்லை. அவருக்குப் பக்கம் புரட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மரியம்மாளுக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. அவர் மோவாயைக் கொஞ்சம் தூக்கினால் தாளைத் திருப்புவாள். ஃபேன் காற்றில் பறக்காமல் துணி கிளிப் மாட்டிப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் வந்து உட்கார்ந்தவள், பேரன் பிறந்த பிறகும் அவர் பக்கத்து நாற்காலியை விடவில்லை. "நம்ம ஆனந்தராஜுக்கு நாலு கைபா" என்று பாடகர் குழுவில் கேலி பேசுவார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

தாள்கள் மடிப்பு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்ததைப் பார்த்து, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஷாரோன் ஒரு டேப்லெட் வாங்கி வந்தாள். கூடவே காலால் மிதிக்கும் பெடல். ஒரு மிதி மிதித்தால் திரையில் அடுத்த பக்கம் வரும். ஆனந்தராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மரியம்மாள் ஒவ்வொரு தாளாக நீவிப் பிடிக்க, அவர் படம் எடுத்தார். பண்டிகை, கல்யாணம், அடக்கம் என்று பிரித்து அடுக்கினார். படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்த இடங்களையெல்லாம் பொறுமையாக வெட்டி எடுத்தார். வேலை என்றால் சுத்தம் பார்க்கிற மனுஷன்! அந்த விரலோடு எதை வெட்டுகிறோம் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரியம்மாள் வழக்கம்போல முன்னால் வந்தாள். பாடகர் குழுவை நடத்தும் சத்யராஜ் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா, இனிமே மிஷினே பொரட்டிக்கும். நீங்க லேடீஸ் சைடுல போய் ஃப்ரீயா உக்காருங்கம்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். "ஆமா, நீ போ" என்றார் அவர், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே.

மிஷின் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கால் பெடலை மிதிக்க, மோவாயும் தானாகத் தூக்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் யாரோ கிட்டார் பையை வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியேதான்.

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"அந்தப் பெடலு மக்கர் பண்ணுது. நாளைக்கு நீயே வந்து உக்காரேன்."

மோட்டாரையே பிரித்துக் கட்டுகிறவருக்கு ஒரு பெடல் மசியவில்லையாம்! மரியம்மாள் சிரித்துவிட்டாள்.

"பெடலு நல்லாத்தான் இருக்குது. நான் அங்கியே உக்காந்துக்கறேங்க. இத்தினி வருஷமா உங்க மோவாயவே பாத்துக்கினு இருந்தேன். ஒரு பாட்டாவது முழுசா பாடியிருப்பனா? இப்பத்தான் வாயத் தொறந்து பாடறேன்."

ஆனந்தராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்திலேயே இருந்தவளுக்குப் பாட ஆசை உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் வரமாட்டேன் என்றதில் வருத்தமும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, "சரிமா, பாடு" என்றார்.

மறுநாள் முதல் பாட்டிலேயே காதைப் பெண்கள் பக்கம் கொடுத்தார். அத்தனை குரல்களுக்குள் அவள் குரலைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மெலிந்த குரல். அடிக்கு அடி கடைசியில் இழுத்து, மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

"வேகமா, வேகமா" என்று சத்யராஜ் கையைக் காட்டினார். ஆனந்தராஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும், அவள் வந்து சேரும்வரை காத்திருந்து வாசித்தார்.